அலெக்சாந்திரியாவின் தொல்லியல் களங்களும் நீர்மட்ட உயர்வும்

எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில் கி.மு. 331இல் மகா அலெக்சாந்தர் நிறுவிய அலெக்சாந்திரியா, வடக்கே கடலுக்கும் தெற்கே மரியூத் ஏரிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த நகரம். அதன் பழமையின் ஒரு பகுதி கடலடியிலும் ஒரு பகுதி பாறையில் குடைந்த நிலவறைகளிலும் கிடக்கிறது. இக்களங்களுக்கு நேரும் கேடு என்றதும் கரையில் மோதும் அலைகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் நிலவறைகளை இதுவரை அதிகம் வாட்டியது நிலத்தடி நீர்தான். அதில் பெரும்பங்கு, மனிதர் நீரைக் கையாண்ட விதத்தால் வந்தது.

நகரிலுள்ள கோம் எல் ஷொகாஃபா கல்லறைத் தொகுதி இதற்கு முதற்சான்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மூன்று அடுக்குகளாகக் குடையப்பட்ட இது 1900இல் வெளிப்பட்டது. எகிப்தியக் கடவுளான அனுபிசு, உரோமைப் போர்வீரனின் கவசம் அணிந்து இதன் நடுக் கல்லறையில் நிற்கிறார். இரு பண்பாடுகள் ஒரே கல்லில் கலந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அரிது. கீழ் அடுக்கோ நெடுங்காலம் நீரில் மூழ்கிக் கிடந்தது. நீர் சுவருக்குள் ஏறும்போது உப்பையும் கொண்டு வருகிறது. சுவர் காயும்போது உப்பு கல்லின் நுண்துளைகளில் படிகமாகிப் பருக்கிறது. மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்கிறது, அதனுடன் செதுக்கிய உருவமும் போகிறது. அமெரிக்க நிதியுதவியுடன் நீர்மட்டத்தைத் தாழ்த்தும் திட்டம் இங்கு 2019இல் நிறைவேறியது.

நகருக்குத் தென்மேற்கே சுமார் 45 கி.மீ. தொலைவில் உள்ள அபு மேனா இதே பாடத்தை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இந்தத் தொல் கிறித்தவத் திருத்தலத்தைச் சுற்றிப் பாசனம் விரிந்ததும் நிலத்தடி நீர் ஏறியது. காய்ந்திருந்தவரை கட்டடங்களைத் தாங்கிய களிமண் ஊறிக் குழைந்தது, நிலம் உள்வாங்கியது. புனித மேனாவின் நிலவறை இடிந்துவிடாதிருக்க அதை மணலால் நிரப்ப வேண்டியதாயிற்று. 2001இல் ஆபத்திலுள்ள மரபுரிமைப் பட்டியலுக்குப் போன இக்களம், நீர்மட்டம் தாழ்த்தப்பட்டபின் 2025இல் அதிலிருந்து நீக்கப்பட்டது.

அப்படியானால் கடல்மட்ட உயர்வைப் பற்றிய அச்சம் மிகையா என்று கேட்கலாம். மிகையன்று. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாகச் சுமார் 20 செ.மீ. உயர்ந்துள்ளது. கரையோர நிலத்தடி நீர் இறுதியில் கடலில்தான் வடிகிறது. கடல் உயர்ந்தால் வடிகால் மந்தமாகும். உப்புநீரும் உள்நோக்கி நகரும். மரியூத் ஏரியின் மட்டம் கடலைவிட ஏறத்தாழ 3 மீட்டர் தாழ்வு. அதன் நீரை இப்போதே இறைத்துத்தான் கடலில் விடுகிறார்கள். கடல் ஏற ஏற அந்தச் சுமை கூடும். நீருக்கடியில் இருப்பவை கெடாமல் இருக்கின்றனவே என்பது மற்றொரு வாதம். எப்போதும் மூழ்கியிருக்கும் கல்லுக்கு ஓரளவு அது பொருந்தும். ஆனால் மாறிமாறி நனைந்து காயும் சுவருக்குப் பொருந்தாது.

மதில் எழுப்பினால் போதும் என்பாருக்கும் இந்நகரமே விடை தருகிறது. கடலோரம் நிற்கும் கைத்பே கோட்டையை அலைகளிலிருந்து காக்க 1990களின் தொடக்கத்தில் கடலில் கான்கிரீட் பாளங்கள் கொட்டப்பட்டன. அவை விழுந்த இடத்திலேயே பழங்காலக் கற்கள் கிடந்தன. நகரின் பண்டைய கலங்கரை விளக்கத்தைச் சேர்ந்தவை எனக் கருதப்படுபவையும் அவற்றில் உண்டு. எதிர்ப்பு எழுந்த பிறகே அப்பணி நின்றது. 1994இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான் இவ் எம்பரர் தலைமையில் கடலடி ஆய்வு தொடங்கியது. ஒரு களத்தைக் காக்கப் போய் இன்னொன்றைப் புதைத்த கதை இது. நீரின் போக்கை அளக்காமல் மேற்கொள்ளும் பாதுகாப்பு பாதுகாப்பாகாது. கடலோரத் தொல்லியல் களம் ஒவ்வொன்றிலும் அகழாய்வுக் குழியோடு நீர்மட்டம் அளக்கும் கிணறும் இருந்தாக வேண்டும். பாசனம், கழிவுநீர், வடிகால் பற்றிய முடிவுகளில் தொல்லியல் துறைக்கும் இடம் இருந்தாக வேண்டும்.