பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டு

பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டு, மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் தொழிலாளர் லயத்து வீடுகளை ஒட்டிய தென்னை, வாழை, பப்பாளி மரங்களை நாடி வரும் தேனுண்ணிப் பறவையாகும். ஆந்த்ரெப்டிஸ் மலாசென்சிஸ் என்னும் அறிவியற்பெயருடைய இதனை 1786ஆம் ஆண்டில் இயற்கையியலாளர் ஸ்கோப்போலி விவரித்தார். மியன்மார் முதல் ஜாவா, போர்னியோ, சுலாவெசி வரை இது பரவியுள்ளது.

ஏறத்தாழ 14 செ.மீ. நீளமுள்ள இப்பறவையில் ஆணின் தொண்டை மங்கிய செம்பழுப்பாகவும் வயிறு மஞ்சளாகவும் இருக்கும்; அதன் தலையும் முதுகும் நிழலில் கருத்துத் தோன்றி, வெயில் பட்டதும் பச்சையும் ஊதாவுமாக ஒளிர்வதற்குக் காரணம், இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் பிறக்கும் கட்டமைப்பு நிறமே. பெண் பறவை மேலே ஆலிவ் பச்சையும் கீழே மஞ்சளுமாக இருக்கும்.

இதை ஹம்மிங் பறவை என அழைப்போர் பலர். ஆனால் இன்றைய ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை; உறவில்லாத உயிரினங்கள் ஒரே வகை வாழ்க்கையால் ஒத்த உருவம் பெறும் குவிபரிணாமமே இவ்விரு குடும்பங்களுக்கும் வளைந்த அல்லது நீண்ட அலகையும் தேனுண்ணும் நாக்கையும் தந்துள்ளது. சொனோரா, மொஹாவி பாலைநிலங்களில் வாழும் காஸ்டா ஹம்மிங் பறவை அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கவும், குளிர்ந்த இரவுகளில் உடல் வெப்பத்தைத் தாழ்த்தி மந்தநிலையில் கிடந்து ஆற்றலைச் சேமிக்கவும் வல்லது; தேன்சிட்டோ பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே குடிக்கிறது. செம்பருத்தி போன்ற பெரிய பூக்களில் தேன்சிட்டுகள் பூவின் வாயைத் தவிர்த்து அதன் அடிப்பகுதியை அலகால் துளைத்து, மகரந்தத்தைத் தொடாமலே தேனை எடுப்பதுண்டு. இதுவே தேன் திருட்டு எனப்படும். தேனோடு பூச்சி, சிலந்தி, சிறு பழங்களையும் இது உண்ணும். நாரும் சிலந்தி வலையும் கொண்டு பின்னிய பேரிக்காய் வடிவக் கூடு கிளையிலிருந்து தொங்கும். அதில் பெரும்பாலும் 2 முட்டைகள் இருக்கும்.

பால்மரத்தை அகற்றிச் செம்பனை நட்ட பகுதிகளில் இப்பறவைக்குப் பயன் குறைவு. 1981இல் கேமரூனிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கூன்வண்டே செம்பனையின் மகரந்தத்தைப் பரப்புகிறது, தேன்சிட்டு அன்று. ஆகவே இவ்வினம் உலகளவில் அழிவு அச்சமற்றதாகக் கணிக்கப்பட்டாலும், தோட்டத்துக்குள் இதைத் தாங்கி நிற்பவை தொழிலாளர் குடும்பங்கள் நட்டு வளர்த்த தென்னையும் வாழையும் செம்பருத்தியுமே. லயங்களை இடித்து வீடமைப்புப் பகுதிகளாக மாற்றும்போது அவற்றில் சிலவற்றையேனும் விட்டுவைப்பது இப்பறவைக்கு உதவியாகும்.