திரையை வரைந்தால் நிரல் வரும்: யுஐசி பிறந்த கதை

வங்கிக்காரனுக்கு கம்ப்யூட்டர் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். புனே, ஹைதராபாத், நொய்டா என்று எங்கே பிழைக்கப் போனாலும் நம் குடும்பங்களில் ஒருவராவது மென்பொருள் துறையில் இருக்கிறார். என்ன வேலை என்று கேட்டால் "ஸ்க்ரீன் பண்றேன்" என்பார். அந்த ஸ்க்ரீனுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. காமர்ஸ் படித்தவர்களுக்கு அது இன்னும் நன்றாகவே புரியும் :-)

பெயருக்கு ஒரு பெட்டி, கடவுச்சொல்லுக்கு ஒரு பெட்டி, கீழே இரண்டு பொத்தான்கள். இவ்வளவுதான் ஜன்னல். இதைக் கையால் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் இடம், அளவு, எழுத்து என்று வரிவரியாக நிரல் எழுத வேண்டும். பொத்தானைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னால் மறுபடியும் நிரலைத் திறக்க வேண்டும்.

1988-ல் வந்த நெக்ஸ்ட் கணினியில், ஜன்னலை மவுஸால் இழுத்து வைத்தே அமைக்க 'இன்டர்ஃபேஸ் பில்டர்' இருந்தது. அது நிரல் எழுதித் தரவில்லை. அமைத்த ஜன்னலை அப்படியே கோப்பில் சேமித்தது. மென்பொருள் ஓடும்போது அந்தக் கோப்பைப் படித்துக்கொண்டது.

நார்வேக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஹாவர்ட் நூர்ட், ஐரிக் சாம்பே-எங் இருவரும் 1994-ல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் ட்ரோல்டெக் ஆனது. அவர்களுடைய 'க்யூட்டி' 1995-ல் வெளிவந்தது. 2000-ல் க்யூட்டி 2.2 உடன் 'டிசைனர்' வந்தது. அதில் ஜன்னலை வரைந்தால் எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு கோப்பு கிடைக்கும். கறுப்புத் திரையில் 'யுஐசி' என்று தட்டி அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், சி ப்ளஸ் ப்ளஸ் நிரல் கொட்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை மனிதர்தான் எழுத வேண்டும். அதை யுஐசி கொடுத்த கோப்பிலேயே எழுதினால்? மறுநாள் வரைபடத்தில் ஒரு பொத்தான் நகரும், யுஐசி மறுபடி ஓடும், எழுதியது அத்தனையும் போச்சு. இங்கே செய்யும் மாற்றங்கள் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கையை யுஐசி தன் கோப்பின் தலையிலேயே போட்டுவிடும்.

யுஐசி கொடுத்ததைத் தொடாமல் அதிலிருந்து ஒரு வாரிசு வகுப்பை உருவாக்கு என்பது முதலில் சொன்ன வழி. 2001-ல் வந்த க்யூட்டி 3, வரைபடத்தோடு ஒட்டிய தனிக் கோப்பில் மனிதர் எழுதுவதை வைத்தது. 2005-ல் க்யூட்டி 4 அந்த ஏற்பாட்டையும் கைவிட்டது. யுஐசி தோற்றத்தை மட்டும் ஒரு தனி வகுப்பாகத் தரும், மற்றதெல்லாம் மனிதரின் கோப்பில். இன்றுவரை இதுதான் முறை.

1998-ல் வந்த 'க்ளேட்' கருவியும் ஆரம்பத்தில் சி நிரல் எழுதிக் கொடுத்தது. 2006-ல் க்ளேட் 3 அந்த வேலையையே விட்டுவிட்டு, எக்ஸ்எம்எல் கோப்பை மென்பொருளே படித்துக்கொள்ளட்டும் என்று நெக்ஸ்ட் வழிக்குத் திரும்பியது.

நம் தொழிலில் இது பழைய பாடம். வவுச்சரிலிருந்து லெட்ஜர், லெட்ஜரிலிருந்து ட்ரையல் பேலன்ஸ். ட்ரையல் பேலன்ஸ் இடித்தால் அந்தத் தாளிலேயே தொகையை அடித்துத் திருத்துவோமா? மூலத்தில் திருத்தப் பதிவு போட்டு, மறுபடியும் எடுப்போம். யுஐசி கொடுக்கும் நிரல் ட்ரையல் பேலன்ஸ் மாதிரி. வரைபடம்தான் வவுச்சர்.

இதில் தமிழுக்கும் ஒரு லாபம் உண்டு. ஜன்னலில் உள்ள சொற்களை யுஐசி மொழிபெயர்க்க ஏதுவான முறையில் எழுதும். க்யூட்டி மேல் கட்டப்பட்ட கேடிஈ டெஸ்க்டாப்பை 2000-களில் தன்னார்வலர்கள் தமிழாக்கியபோது, நிரலைத் தொடாமல் சொற்பட்டியலை மட்டும் மொழிபெயர்த்தால் போதுமாக இருந்தது.

இன்று படத்தைக் காட்டினாலே நிரல் எழுதித் தரும் ஏஐ கருவிகள் வந்துவிட்டன. ஆனால் யுஐசிக்கு ஒரே வரைபடத்தை நூறு முறை கொடுத்தாலும் அதே நிரல்தான் வரும். ஏஐ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி எழுதலாம். அப்போது மூலம் எது, அதிலிருந்து வந்தது எது என்பது குழம்பிப் போகும். பிழை வந்தால் எங்கே திருத்துவது? உங்கள் வீட்டு 'ஸ்க்ரீன் பண்ற' பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பதிலைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.