பால்டிமோர் வானில் மைசூர் வாணம்

அமெரிக்க தேசிய கீதத்தில் ஒரு ராக்கெட் பறக்கிறது. போர் நடக்கும் இரவில், அதன் சிவந்த வெளிச்சத்தில் கோட்டைக் கொடி தெரிகிறது. அந்த ராக்கெட்டின் பூர்விகத்தைத் தேடிப் போனால் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்போம்.

வாணம் விடுவது அப்போதே பழைய கலை. சீனாவில் பிறந்து, திருவிழாவுக்கும் போருக்கும் பல நாடுகளில் பழகியிருந்தது. மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் ஆட்கள் மருந்தை இரும்புக் குழாயில் இறுக்கி அடைத்தார்கள். இரும்பு அழுத்தம் தாங்கியதால் வாணம் ஒரு கிலோமீட்டர்கூடப் பாய்ந்தது. கட்டிவிட்ட மூங்கில் கழி திசை காத்தது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை இதை நேரில் அனுபவித்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, மிஞ்சியவர்கள் சிறைப்பட்டார்கள்.

ஹைதரின் பெயர் கப்பலேறிப் போனது. பிரிட்டனோடு விடுதலைப் போரில் இருந்த அமெரிக்கர்கள், தங்கள் எதிரியை இன்னொருவரும் புரட்டி எடுப்பதில் மகிழ்ந்து, 1782-இல் ஒரு கப்பலுக்கு ‘ஹைதர் அல்லி’ என்றே பெயர் வைத்தார்கள். அதன் கேப்டன் ஜோஷுவா பார்னிக்கு வயது 22. தன் கப்பலைவிடப் பலம் கூடிய பிரிட்டிஷ் கப்பல் ‘ஜெனரல் மங்க்’கை டெலவேர் விரிகுடாவில் மடக்கிப் பிடித்தார். ஆள் மறுபடியும் வருவார்.

1799-இல் ஹைதரின் மகன் திப்பு சுல்தான் பிரிட்டிஷாருடனான போரில் விழுந்தார். சீரங்கப்பட்டணத்தில் அள்ளிய வாணங்களில் சில லண்டனை ஒட்டிய வுல்விச் ஆயுதசாலைக்குப் போயின. அங்கே ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவரின் மகன் வில்லியம் காங்கிரீவ். லண்டனில் கிடைத்த பெரிய வாணங்களைக் கைக்காசு போட்டு வாங்கிச் சுட்டுப் பார்த்தார். 600 கஜத்தைத் தாண்டவில்லை. இந்திய வாணங்கள் அதைவிடத் தூரம் போகும் என்பது அவருக்குத் தெரியும். விரைவிலேயே அவருடைய வாணமும் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டது, ‘காங்கிரீவ் ராக்கெட்’ என்ற பெயரோடு. 1807-இல் கோபன்ஹேகன் மீது அது பாய்ந்தது.

1812 ஜூனில் அமெரிக்கா பிரிட்டன் மீது போர் அறிவித்தது. சுதந்திரப் பிரகடனத்துக்கு அப்போது 36 வயதுகூட நிறையவில்லை. நடுக்கடலில் அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை இழுத்துப்போவதும், வணிகத்துக்குப் போட்ட முட்டுக்கட்டைகளும் பொறுக்க முடியாமல் போயிருந்தன. ஆனால் பிரிட்டனிடம் நூற்றுக்கணக்கில் போர்க்கப்பல்கள். அமெரிக்காவிடமோ சிறு படகுகளைக் கழித்தால் இருபதுகூடத் தேறாது.

1814 ஆகஸ்ட் 24. வாஷிங்டனுக்கு வெளியே பிளேடன்ஸ்பர்க்கில் ராக்கெட்டுகள் சீறியதும் பயிற்சியில்லாத அமெரிக்கக் குடிப்படை ஓட்டம் பிடித்தது. சில நூறு மாலுமிகளோடு நின்று பீரங்கி சுட்டவர் அதே பார்னி, இப்போது வயது 55! ஹைதர் பெயர்கொண்ட கப்பலில் பேர் வாங்கியவர், ஹைதர் படை வாணத்தின் வாரிசுக்கு எதிரே நின்றார். தொடையில் குண்டு பாய்ந்து பிடிபட்டார். அன்றிரவு வெள்ளை மாளிகை எரிந்தது.

அடுத்த மாதம் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டை. ‘எரிபஸ்’ கப்பலிலிருந்து ராக்கெட்டுகளும் மற்றக் கப்பல்களிலிருந்து குண்டுகளுமாக 25 மணி நேரம் தாக்குதல் நடந்தது. பிரிட்டிஷார் பிடித்துவைத்த மருத்துவர் ஒருவரை மீட்க வந்த வழக்கறிஞர் பிரான்சிஸ் ஸ்காட் கீ, விடியும்வரை கப்பலில் இருந்தபடி பார்த்தார். ராக்கெட் கோட்டையைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. காற்றடித்தால் விட்டவனையே தேடி வரக்கூடிய சரக்கு அது. மிரட்டுவதில்தான் கெட்டிக்கார வாணம் என்பேன். இங்கே மிரட்டலும் பலிக்காமல், பாட்டில் மட்டும் ஏறிக்கொண்டது. கீ எழுதிய வரிகளுக்குப் பொருத்திய மெட்டு, லண்டன் கனவான்களின் இசைக் கழகப் பாட்டு. எதிரி நாட்டு மெட்டு, எதிரி சுட்ட மைசூர் வாணம் இரண்டும் சேர்ந்து 1931-இல் அதிகாரபூர்வ தேசிய கீதமாயின.

காங்கிரீவ் வாணத்தில் இருந்த கழியையும் ஒருவர் கழற்றினார். வில்லியம் ஹேல் என்ற ஆங்கிலேயர் 1844-இல், வெளியேறும் புகையைக் கொண்டே வாணத்தைச் சுழலவைத்து நேராகச் செலுத்தினார். அதை முதலில் போருக்கு எடுத்தது அமெரிக்க ராணுவம், 1847-இல் மெக்சிகோவில். பிரிட்டன் யோசித்து யோசித்து 1867-இல்தான் ஏற்றுக்கொண்டது.