மெக்நாட்டன் வழக்கு

1843 ஜனவரி 20 அன்று லண்டனில் எட்வர்ட் டிரம்மண்ட் சுடப்பட்டதைத் தொடர்ந்து நடந்த கொலை வழக்கு. டிரம்மண்ட் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் சர் ராபர்ட் பீலின் அந்தரங்கச் செயலர். சுட்டவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த டேனியல் மெக்நாட்டன். அவருக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்று கண்ட ஜூரிகள் 'குற்றவாளி அல்ல' என்றார்கள். அந்தத் தீர்ப்பின் மேல் எழுந்த கோபத்துக்கு நடுவே நீதிபதிகள் சொன்ன பதில்கள்தாம் 'மெக்நாட்டன் விதிகள்' ஆயின. கொலை செய்தவரின் மனம் நோயுற்றிருந்தால் சட்டம் அவரை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஆங்கிலேயச் சட்ட மரபு பரவிய நாடுகள் பலவும் இன்றுவரை இந்த விதிகளிலிருந்தே விடை தேடுகின்றன. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவையும் அவற்றில் அடங்கும்.

மெக்நாட்டன் பெயரின் எழுத்துமுறை குறித்து ஆங்கிலத்திலேயே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. தமிழிலும் மக்னாட்டன், மெக்நாக்டன் என்று வேறு வடிவங்களில் எழுதுவோர் உள்ளனர்.

சம்பவம்

அன்று மாலை நான்கு மணியளவில் சேரிங் கிராஸ் பகுதியில் டிரம்மண்ட் நடந்து போய்க்கொண்டிருந்தார். பின்னால் நெருங்கி வந்த மெக்நாட்டன் அவர் முதுகில் சுட்டார். இரண்டாவது துப்பாக்கியை எடுப்பதற்குள் ரோந்தில் இருந்த காவலர் பாய்ந்து பிடித்துவிட்டார். காயம் பெரிதாகத் தெரியவில்லை. டிரம்மண்ட் தாமாகவே நடந்து அருகிலிருந்த தம் குடும்பத்தாரின் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தார். ஐந்து நாள் கழித்து, ஜனவரி 25 அன்று இறந்தார்.

காவல் நிலையத்தில் பேசும்போதுதான் மெக்நாட்டன் சுட நினைத்தது பிரதமர் பீலை என்பது வெளிப்பட்டது. பிரதமரின் வீட்டுப் பக்கம் அடிக்கடி வந்துபோன செயலரையே அவர் பீல் என்று எண்ணியிருந்தார். லண்டன் மாநகரக் காவல் துறையை 1829-ல் உருவாக்கியவர் இதே பீல்தான்.

நீதிபதி முன் நிறுத்தப்பட்டபோது மெக்நாட்டன் சொன்னதன் சாரம் இது: தம் சொந்த ஊரின் டோரிக் கட்சியினர் தம்மை இரவும் பகலும் பின்தொடர்கிறார்கள், பிரான்ஸ் வரை போய்ப் பார்த்தும் விடவில்லை, உறக்கம் போயிற்று, உடல் போயிற்று, இந்தச் செயலுக்கு அவர்களே தம்மைத் தள்ளினார்கள். டோரிக் கட்சியின் தலைவர் பீல்.

நோயின் தன்மை

மெக்நாட்டன் தெருவில் பித்துப் பிடித்து அலைந்தவர் அல்லர். இந்த வழக்கின் கனமே அதில்தான் இருக்கிறது. கிளாஸ்கோவில் மரக் கடைசல் பட்டறை வைத்துத் தனியாக நடத்தியவர், சிக்கனமானவர், தாமாகவே பிரெஞ்சு மொழி கற்றவர். கைதானபோது அவரிடம் 750 பவுண்டுக்கான வங்கி ரசீது இருந்தது. ஒரு தொழிலாளிக்கு அது பெருந்தொகை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, ஒற்றர்கள் தம்மைத் தொடர்வதாகத் தந்தையிடமும் ஊர் அதிகாரிகளிடமும் முறையிட்டு வந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உதவி கேட்டு ஒரு மனிதர் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார் என்பதை விசாரணையின் சாட்சியங்களில் படிக்கையில் மனம் கனக்கிறது. அந்தக் கதவுகளில் ஒன்று திறந்திருந்தால் டிரம்மண்ட் உயிரோடு இருந்திருக்கலாம்.

எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாத பொய்யான நம்பிக்கையை மனநல மருத்துவம் நோயின் அடையாளமாகக் கொள்கிறது. 'என்னைத் தொடர்கிறார்கள், ஒழிக்கப் பார்க்கிறார்கள்' என்ற வகை அவற்றில் மிகப் பரவலானது. மனச்சிதைவு நோயில் அடிக்கடி காண்பது. இந்நம்பிக்கை மனத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாலும் மற்ற வேலைகள் தடையின்றி நடக்கக்கூடும். கணக்குப் பார்க்கலாம், பயணச்சீட்டு வாங்கலாம், துப்பாக்கி வாங்கலாம், தெருவில் நாள்கணக்கில் காத்து நிற்கலாம். திட்டமிட்டுச் செய்ததால் நோய் இல்லை என்பது சாதாரண மனிதருக்கு நியாயமாகத் தோன்றும் வாதம். மருத்துவம் அதை ஏற்பதில்லை. துரத்துகிறார்கள் என்று முழுமையாக நம்புகிறவரும் ஆற அமரத் திட்டமிடலாம்.

மாற்றுக் கருத்தும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் மோரன் 1981-ல் வெளியிட்ட நூலில், மெக்நாட்டனின் செயலுக்கு அரசியல் நோக்கம் இருந்திருக்கலாம், அந்த 750 பவுண்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை என்று வாதிட்டார். வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தின் கொந்தளிப்பில் தொழிலாளர்கள் பொங்கிக்கொண்டிருந்த காலம் அது. டோரிகள் மேல் கோபப்படக் காரணங்கள் நிறைய இருந்தன. ஆனால் கொலைக்கு முன்பே சில ஆண்டுகளாக, வெவ்வேறு மனிதர்களிடம், ஒரே முறையீட்டோடு அவர் போய் நின்றதை இந்த வாதத்தால் முழுமையாக விளக்க முடியவில்லை.

விசாரணை

வழக்கு மார்ச் முதல் வாரத்தில், லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி டிண்டல் உள்ளிட்ட மூவர் முன் நடந்தது. அரசுத் தரப்பில் சர் வில்லியம் ஃபாலட். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தரப்பில் அலெக்சாண்டர் காக்பர்ன். பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஆனவர்.

காக்பர்ன் புதிய மருத்துவத்தை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தார். அமெரிக்க மருத்துவர் ஐசக் ரே 1838-ல் எழுதிய, மனநோயும் சட்டமும் பற்றிய நூலை விரிவாக எடுத்துக்காட்டினார். பெத்லெம் மனநோய் மருத்துவமனையின் எட்வர்ட் மன்ரோ முதலான மருத்துவர்கள் வரிசையாக வந்து, எதிரி நோயுற்றவர், அந்நேரத்தில் தம்மைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவருக்கு இல்லை என்றார்கள். ஃபோர்ப்ஸ் வின்ஸ்லோ என்ற மருத்துவர் எதிரியைச் சோதித்தவரே அல்லர். நீதிமன்றத்தில் உட்கார்ந்து சாட்சியங்களைக் கேட்டதை வைத்துக் கருத்துச் சொன்னார். அரசுத் தரப்பு மறுத்துப் பேச ஒரு மருத்துவரைக்கூட அழைக்கவில்லை. டிண்டல் வழக்கை அத்துடன் நிறுத்தி, ஜூரிகளுக்கு வழி காட்டிவிட்டார். அவர்கள் தனி அறைக்குக்கூடப் போகாமல் தீர்ப்புச் சொன்னார்கள்.

இதற்கு முன் நடந்ததோடு ஒப்பிட்டால் தூரம் புரியும். 1812 மே 11 அன்று ஜான் பெல்லிங்ஹாம் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலை நாடாளுமன்றத்திலேயே சுட்டுக் கொன்றார். அவருக்காகவும் சித்தசுவாதீனமின்மை வாதிடப்பட்டது. சாட்சிகளை வரவழைக்க அவகாசம் கேட்டதும் மறுக்கப்பட்டது. கொலை நடந்து ஒரே வாரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

விதிகள் பிறந்த விதம்

தீர்ப்பைக் கேட்டு நாளேடுகள் கொதித்தன. 1840-ல் தம்மைச் சுட முயன்ற எட்வர்ட் ஆக்ஸ்ஃபோர்டும் இதே காரணத்தால் தூக்குக்குத் தப்பியதை மறக்காத விக்டோரியா அரசி, பிரதமர் பீலுக்கே கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு ஐந்து கேள்விகளை வைத்தது. 1843 ஜூன் 19 அன்று பதில்கள் வாசிக்கப்பட்டன. நீதிபதி மோல் மட்டும் தனியாகப் பதில் தந்தார். ஒரு வழக்கும் முன்னால் இல்லாமல், வழக்கறிஞர்களின் வாதமும் கேட்காமல் பொதுப்படையாகச் சட்டம் சொல்வது சரியா என்ற தயக்கத்தை அவர் பதிவு செய்தார். அந்தத் தயக்கம் நியாயமானது. உலகின் பாதிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு விதி, எந்த வழக்கின் தீர்ப்பாகவும் அல்லாமல் சபையின் கேள்விக்குத் தந்த விடையாகப் பிறந்தது.

விதிகளின் சாரம் சிறியது. எல்லோரும் சித்தசுவாதீனத்துடன் இருப்பதாகவே சட்டம் கொள்ளும். இல்லை என்போர் நிரூபிக்க வேண்டும். செயலைச் செய்த அந்த நேரத்தில், மனநோயால் விளைந்த அறிவுக் குறையினால், தாம் செய்வது என்ன என்று அறியாதவராகவோ, அறிந்தும் அது தவறு என்று தெரியாதவராகவோ இருந்திருக்க வேண்டும். பொய்யான நம்பிக்கையால் செய்தவர் என்றால், அவர் நம்பியது உண்மையாக இருந்திருந்தால் சட்டம் என்ன சொல்லியிருக்குமோ அதுவே அவருக்கும். ஒருவர் தம்மைக் கொல்ல வருகிறார் என்று நம்பிக் கொன்றால் தற்காப்பு. தம் பெயரையும் சொத்தையும் கெடுத்தார் என்று நம்பிப் பழிவாங்கினால் தண்டனை.

இந்த அளவுகோலை மெக்நாட்டன் மேலேயே வைத்துப் பார்த்தால் அவர் தப்பியிருப்பாரா என்பது பெரிய சந்தேகம். துப்பாக்கியால் சுடுகிறோம் என்று அவருக்குத் தெரியும். கொலை சட்டவிரோதம் என்றும் தெரிந்திருக்கும். தம்மைத் துன்புறுத்துகிறார்கள் என்பதுதான் அவர் நம்பிக்கை. பீல் அந்தக் கணத்தில் தம்மைக் கொல்ல வந்ததாக அவர் சொல்லவில்லை. தம் பெயரைத் தாங்கிய விதி அவரைக் காப்பாற்றியிருக்காது.

சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் இடையில் அன்று விழுந்த விரிசல் இதுதான். விதிகள் கேட்பது 'தெரியுமா' என்ற ஒற்றைக் கேள்வி. மருத்துவர்கள் ஓல்டு பெய்லியில் சொன்னதோ, தெரிந்தும் தடுத்துக்கொள்ள முடியாத மனத்தைப் பற்றி. ஐசக் ரேயின் நூல் சொன்னதும் அதையே. நீதிபதிகள் அந்தச் சாட்சியத்தை விதிக்குள் விடவில்லை. இங்கிலாந்து 1957-ல் கொலை வழக்குகளுக்கு மட்டும் 'குறைந்த பொறுப்பு' என்ற தனி வழியை வகுத்து விரிசலை ஓரளவு அடைத்தது.

இந்தியச் சட்டத்தில்

1860-ல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு மெக்நாட்டன் விதிகளின் வழித்தோன்றல். 'அறிவுக் குறை' என்பதற்குப் பதில் 'சித்தசுவாதீனமின்மை' என்றது. 'தவறானது அல்லது சட்டத்துக்கு முரணானது' என்று அறிய இயலாமை எனக் கொஞ்சம் விரித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் பொருளில் அதேதான். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் இது 77ஆம் பிரிவு. மனநல மருத்துவம் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்ட பின்னும் இந்த வாசகம் அப்படியே நிற்கிறது.

குஜராத்திலிருந்து வந்த ஒரு கொலை வழக்கில் 1964-ல் உச்ச நீதிமன்றம் நிரூபிக்கும் சுமையைத் தெளிவுபடுத்தியது. எதிரி சித்தசுவாதீனமின்மையை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. உரிமையியல் வழக்கில் போல, அப்படித்தான் இருந்திருக்கும் என்று காட்டினால் போதும். அந்த அளவுக்குக் காட்ட முடியாமல் போனாலும், அவருக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதில் நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்குத்தான். 'மருத்துவம் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் ஏற்கும் சித்தசுவாதீனமின்மை வேறு' என்பதையும் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வலியுறுத்தியுள்ளது.

நடைமுறையில் அமர்வு நீதிமன்றங்கள் மூன்றைப் பார்க்கின்றன: சம்பவத்துக்கு முன், சம்பவத்தின்போது, சம்பவத்துக்குப் பின் எதிரி நடந்துகொண்ட விதம். ஆயுதத்தை மறைத்தாரா, ஓடினாரா, நோக்கம் இருந்ததா என்பவை எதிரிக்கு எதிராகவே எடைபோடப்படும். முன்பு சிகிச்சை பெற்ற சீட்டு இருந்தால் துணை. கிராமத்தில் கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப்போன குடும்பத்திடம் எந்தச் சீட்டு இருக்கும்? மருத்துவர் எதிரியைப் பார்ப்பதும் பெரும்பாலும் கைதாகி வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான். கத்தியை ஓங்கிய அந்த நேரத்து மனத்தைப் பற்றி அவர் ஊகித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

தீர்ப்புக்குப் பின்

'குற்றவாளி அல்ல' என்று சொல்லப்பட்ட மெக்நாட்டன் ஒரு நாள்கூட வெளியே வரவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரைச் சுட முயன்ற ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டின் வழக்குக்குப் பின் 1800-ல் வந்த சட்டம், இவ்வாறு விடுவிக்கப்படுவோரை 'மன்னரின் விருப்பம் உள்ளவரை' அடைத்து வைக்க வழி செய்திருந்தது. மெக்நாட்டன் லண்டன் பெத்லெம் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 21 ஆண்டுகள் அங்கே. 1864-ல், அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த பிராட்மூர் காப்பகத்துக்கு மாற்றினார்கள். 1865 மே 3 அன்று அங்கேயே இறந்தார். தம் தந்தையை 1843 ஆகஸ்டில் கொன்ற ஓவியர் ரிச்சர்ட் டாட் இதே இரண்டு இடங்களிலும் அடைபட்டிருந்தார். அவர் புகழ்பெற்ற ஓவியங்கள் சில அந்தச் சுவர்களுக்குள் வரையப்பட்டவை.

விக்டோரியா அரசியை 1882-ல் மீண்டும் ஒருவர் சுட முயன்றார். அவரும் இதே காரணத்தால் விடுவிக்கப்பட்டதும், 'குற்றவாளி, ஆனால் சித்தசுவாதீனமற்றவர்' என்று தீர்ப்பின் வாசகத்தையே 1883-ல் மாற்றினார்கள். 1964 வரை இங்கிலாந்தில் அந்த வாசகம் நீடித்தது. அடைபட்ட மனிதருக்கு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இந்தியாவில் இப்படி விடுவிக்கப்படுபவர் அந்தச் செயலைச் செய்தாரா என்பதை நீதிமன்றம் முதலில் பதிவு செய்ய வேண்டும். செய்தவர்தான் என்றால், பாதுகாப்பான காவலில் வைக்கலாம், அல்லது பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கலாம். காவல் எவ்வளவு காலம் என்று சட்டம் எல்லை வகுக்கவில்லை. அதன் விளைவை 1982-ல் உச்ச நீதிமன்றம் அன்றைய பீகாரின் ஹசாரிபாக் மத்தியச் சிறையில் கண்டது. மனநிலை சரியில்லை என்று அடைக்கப்பட்டவர்கள் 20, 30 ஆண்டுகளாக அங்கே கிடந்தார்கள். அவர்களில் சிலர் குணமானதாகச் சான்று பெற்ற பிறகும் விடப்படவில்லை. கோப்பை எடுத்துப் பார்க்க ஆள் இல்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. அவர்களை விடுவித்த நீதிமன்றம் அதை அரசின் வெட்கக்கேடாகவே பார்த்தது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் இருக்க வேண்டும் என்கிறது. மரண தண்டனைக் கைதிகளின் நிலையிலும் சற்று மாற்றம் வந்திருக்கிறது. தண்டனை பெற்ற பின் தீவிர மனநோய்க்கு ஆளானவரைத் தூக்கிலிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் கூறியது. 2019-ல் அதே அடிப்படையில், பெயர் மறைக்கப்பட்ட ஒரு கைதியின் மரண தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்து, அவருக்கு உரிய சிகிச்சையை அரசு பார்க்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. செயலைச் செய்த நேரத்து அறிவை மட்டும் கேட்கும் மெக்நாட்டன் விதிக்கு இந்தத் தீர்ப்புகளில் இடமில்லை. தண்டனையை அனுபவிக்கும் நேரத்தில் அந்த மனிதரின் மனம் எப்படி இருக்கிறது என்பதை நீதிமன்றம் இங்கே கேட்கிறது.