பெயர் பொறிக்கப்படாத நடுகல்

போரில் மாண்ட வீரருக்குக் கல் நாட்டி வழிபடுவது தமிழரின் தொன்மையான மரபாகும். தகுந்த கல்லைக் காணுதல், அதனை நீராட்டுதல், நாட்டுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என அவ்வழிபாட்டின் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. மாண்டவனின் பெயரும் பெருமையும் அக்கல்லில் பொறிக்கப்பெற்றன. நம் தோட்டப்புறக் கோயில்களில் மதுரை வீரனுக்குப் படையலிட்டு வணங்கும்போது, வீரனைத் தெய்வமாகப் போற்றும் அந்த மரபையே நாம் தொடர்ந்து வருகின்றோம்.

இந்நாடுகளில் வாழ்ந்த நம் முன்னோரின் காலத்திலும் அத்தகைய கல்லொன்று நாட்டப்பட்டது. சிங்கப்பூரின் கடலோரத்தில், எஸ்பிளனேட் திடலில் எழுந்த இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னமே அது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியப் போர்க் கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் அமைத்த படை அவ்வாண்டின் இறுதியிலேயே கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பின்னர் அப்படை புத்துயிர் பெற்றது. இம்முறை போர்க் கைதிகள் மட்டுமின்றி, பால்மரம் சீவிய தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், எழுத்தர்கள் எனப் பொதுமக்களும் படையிற் சேர்ந்தனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர் ஆவர்.

பெண்களும் பின்தங்கவில்லை. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை உருவாயிற்று. அதன் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் தொடங்கப்பெற்றது. தோட்டத்து லயங்களுக்கு அப்பால் உலகறியாத இளம்பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அப்படையின் அதிகாரிகளுள் ஒருவராகப் பர்மாவுக்குச் சென்ற கோலாலம்பூர் நங்கை ஜானகி, பிற்காலத்தில் புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பனாக மலேசிய மேலவையில் அங்கம் வகித்ததையும், 2000ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றதையும் நாம் அறிவோம்.

ஆலய அன்பர்கள் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. சிங்கப்பூர் டேங்க் சாலைச் செட்டியார் கோயிலுக்கு வருமாறு நேதாஜி அழைக்கப்பட்டார். சாதி, சமய வேறுபாடின்றித் தம் தோழர் அனைவரையும் அனுமதித்தாலன்றித் தாம் வருவதற்கில்லை என்று அவர் கூறினார். அவ்வாறே கதவு திறக்கப்பட்டது. இஸ்லாமிய அதிகாரிகளும் அவருடன் சந்நிதிக்குச் சென்றனர். உடன் சென்ற ஆபித் ஹசன் இதனைப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

1944ஆம் ஆண்டு இம்பால் போர்முனையில் இப்படை பேரிழப்பைச் சந்தித்தது. குண்டுக்கு இரையானோரைக் காட்டிலும் பசிக்கும், மலேரியாவுக்கும், வயிற்றுக்கடுப்புக்கும், ஓயாத பருவமழைக்கும் இரையானோரே மிகுதி. காட்டுவழியில் விழுந்தவர்களுக்கு ஈமக்கடன் செய்வாரும் இலர். பெயர் எழுதி வைப்பாரும் இலர்.

அவர்களுக்காகவே 1945 ஜூலை 8ஆம் நாள் எஸ்பிளனேடில் நேதாஜி அடிக்கல் நாட்டினார். கர்னல் சிரில் ஜான் ஸ்ட்ரேசியின் பொறுப்பில், சில வாரங்களுக்குள் நினைவுச் சின்னம் எழுந்தது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள் தரும் மூன்று உருதுச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. ஆனால், மாண்டவர் ஒருவரின் பெயரும் அதில் இல்லை. பெயர் அறியப்படாத வீரனுக்கு உரிய சின்னமாகவே அது நின்றது.

அதுவும் நெடுநாள் நிற்கவில்லை. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும், அவர்களது படைத் தலைமையின் ஆணைப்படி அது தகர்க்கப்பட்டது. கல் போயிற்று, ஆயினும் அந்த இடத்தை நம் மக்கள் மறக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1995ஆம் ஆண்டில், சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகம் அவ்விடத்தில் நினைவுக் குறியொன்றை நிறுவியது. அதற்குச் சிங்கப்பூர் இந்தியச் சமூகத்தினர் பொருளுதவி வழங்கினர். பழைய சின்னத்தின் மாதிரி வடிவம் ஒன்று மணிப்பூரின் மொய்ராங்கிலும் நிற்கின்றது.

ஜப்பானியரோடு கைகோத்த இப்படையின் வழியைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதே ஜப்பானியர்தாம் நம் தோட்டத் தொழிலாளரை சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசென்று மாளச் செய்தனர். இந்திய தேசிய இராணுவத்தில் சேர மறுத்து, கைதிகளாகவே நியூகினித் தீவில் துன்புற்று மாண்ட இந்தியச் சிப்பாய்களும் உளர். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் நேசப்படையினர் 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. அதன் பின்புறத்தே, சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களுக்கெனத் தனிச் சின்னமும் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் படையினர். அவர்களும் நம்மவரே. எந்தக் கொடியின் கீழ் விழுந்தாலும், பிள்ளையை இழந்த தாயின் கண்ணீர் ஒன்றுதான்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிராஞ்சியில் பெயர்கள் உள்ளன. ஓர் அமைப்பு அவற்றைக் காத்து வருகின்றது. எஸ்பிளனேடில் பெயர்கள் இல்லை. அவற்றைக் காக்கும் கடமை நம் குடும்பங்களையே சார்ந்தது. அன்று படையில் இருந்தோர் ஏறக்குறைய அனைவரும் மறைந்துவிட்டனர். அவர்களின் பிள்ளைகளும் முதுமையெய்தி விட்டனர். பாட்டன் ஒருவர் பர்மாவுக்குப் போனார், திரும்பவில்லை என்னும் செய்தி இன்றும் சில இல்லங்களில் வழங்குகின்றது. அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டத்திலிருந்து சென்றார் என்று கேட்பாரின்றிப் போனால், அடுத்த தலைமுறையோடு அதுவும் மறைந்துவிடும்.

ஆகவே அன்பர்களே, உங்கள் குடும்பத்தில் அவ்வாறு சென்று திரும்பாதவர் எவரேனும் இருப்பின், பெரியோரைக் கேட்டு அவர்தம் பெயரையும், ஊரையும், தோட்டத்தையும் எழுதி வையுங்கள். நம் ஆலயத்தில் முன்னோருக்கு மோட்ச தீபம் ஏற்றும்பொழுது, அப்பெயரையும் சொல்லி ஒரு விளக்கு ஏற்றுங்கள். கல்லைத் தகர்க்க ஒரு நாள் போதும். மக்கள் ஆண்டுதோறும் சொல்லி வணங்கும் பெயரை எவராலும் தகர்க்க இயலாது. பெயரறியாத அவ்வீரர் அனைவருக்கும் எல்லாம்வல்ல இறைவன் தன் திருவடி நிழலில் இடமளிப்பானாக!