பொம்மை செய்தவரும் பாடசாலைப் பிள்ளைகளும்

நீரில் மூழ்கி மூச்சடங்கியவரைக் குப்புறக் கிடத்தி, முதுகை அழுத்தி, கைகளைத் தூக்கி மூச்சை வரவழைப்பதே 1950களின் பிற்பகுதி வரை பெருவழக்காயிருந்த முதலுதவி. 1932 இல் டென்மார்க் இராணுவ அதிகாரியான ஹொல்கர் நீல்சன் வகுத்த முறை அது. வாயோடு வாய் வைத்து ஊதுவது அதனிலும் பயன்மிக்கதென்பதை அமெரிக்காவில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சஃபார் ஆகிய மருத்துவர்கள் 1950களின் இறுதியில் நிறுவினர். ஆனால் இதை யார்மீது பழகுவது?

விடை கிடைத்தது நோர்வேயின் ஸ்ரவங்கர் நகரில், ஒரு விளையாட்டுப் பொம்மை உற்பத்தியாளரிடம். அஸ்முண்ட் லார்டால் என்னும் அவர், நீரில் மூழ்கிய தமது இரண்டு வயது மகனைத் தாமே மீட்டெடுத்தவர். மயக்கமருந்து நிபுணரான பியோர்ன் லிண்ட் கேட்டுக்கொண்டதன் பேரில், ஆளளவுப் பயிற்சிப் பொம்மையொன்றை அவர் 1960 இல் உருவாக்கினார். பாரிஸ் நகரின் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகக் கதை வழங்கும் பெயரறியாப் பெண்ணொருத்தியின் முகமே அதற்கு வைக்கப்பட்டது. (அக்கதை உண்மையா என ஐயுறுவோரும் உளர்.) லிண்ட் அப்பொம்மையை நேரே பாடசாலைகளுக்கு எடுத்துச் சென்றார். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளாலும் இதைக் கற்க முடியும் என்ற அவரது ஆய்வுக் கட்டுரை 1961 இல் வெளியாயிற்று. இன்று எமது உறவுகளின் பிள்ளைகள் பலர் பயில்வதும் அந்நாட்டுப் பாடசாலைகளிலேதான்.

டென்மார்க் 2005 இல் இப்பயிற்சியைப் பாடசாலைகளில் கட்டாயமாக்கியது. வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றோரில், அருகிலிருந்தோரின் உதவி கிடைத்தவர்கள் 2001 இல் 21 வீதம். 2010 இல் 45 வீதம். முப்பது நாள் கடந்தும் உயிரோடிருந்தோர் 3.5 வீதத்திலிருந்து 10.8 வீதமாயினர். பாடசாலை மட்டுமே இதற்குக் காரணமன்று. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் முதலுதவிப் பயிற்சி அங்கு அவசியமாக்கப்பட்டது.

கிணற்றிலும் குளத்திலும் விழுந்த சிறுவர்களைப் பற்றி நான் எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. 'வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வழியில் உயிரிழந்தார்' என்ற வரி அவற்றில் தவறாது இருக்கும். கிணற்றடியில் அவனைத் தூக்கியவர்கள் என்ன செய்தார்கள் என்று நாங்கள் கேட்டு எழுதியதில்லை. செய்தி ஆசிரியர்களும் கேட்கச் சொன்னதில்லை. இலங்கையில் 2016 இல் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது. பெரும் பேறுதான். ஆயினும் பிராணவாயு கிடைக்காத மூளை நாலைந்து நிமிடங்களிலேயே சேதமுறத் தொடங்கிவிடும். அந்த நிமிடங்களில் அருகில் நிற்பவர் பெரும்பாலும் இன்னொரு பிள்ளை.

பன்னிரண்டு வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணிநேரப் பயிற்சி போதும் என்ற பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் 2015 இல் ஆதரித்தது. பொம்மைக்குப் பணமில்லை என்பார்கள் எங்கள் அதிபர்கள். இறுகக் கட்டிய துணிமூட்டையிலும் மார்பழுத்தலைப் பழகத் தொடங்கலாம்: வளர்ந்தவருக்கு ஐந்து சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. நீரில் மூழ்கியவருக்கு ஊதுவதும் சேர்ந்தே வேண்டும். அதற்கு மட்டும் பொம்மை தேவை. கோட்டத்துக்கு ஒன்றிருந்தால் பாடசாலைகள் மாறி மாறிப் பயன்படுத்தலாம்.