ஆர்தர் சி. நீல்சன்

ஆர்தர் சார்லசு நீல்சன் (செப்டம்பர் 5, 1897 – சூன் 1, 1980) அமெரிக்க மின்பொறியாளரும் தொழில்முனைவோரும் ஆவார். சந்தை ஆய்வை ஒரு தனித் தொழிலாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர். இவர் 1923-இல் சிக்காகோவில் தொடங்கிய ஏ. சி. நீல்சன் நிறுவனம், கடைகளில் எந்தப் பொருள் எவ்வளவு விற்கிறது, வீடுகளில் எந்த ஒலிபரப்பு கேட்கப்படுகிறது, பார்க்கப்படுகிறது என்பவற்றைத் தொடர்ந்து அளந்து, அத்தரவுகளை உற்பத்தியாளர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் விற்றது. "சந்தைப் பங்கு" என்ற கருத்து வணிகர்களின் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. மக்கள் சொல்வதைக் கேட்பதைவிட அவர்கள் செய்ததை எண்ணிப் பார்ப்பதே நம்பகமானது என்பது இவருடைய முறைகளுக்கு அடிப்படை.

இளமையும் கல்வியும்

நீல்சன் சிக்காகோவில் டேனிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். விசுக்கான்சின் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1918-இல் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். அங்கு டென்னிசு அணியின் தலைவராகவும் இருந்தார். சில ஆண்டுகள் பிற நிறுவனங்களில் பணியாற்றிய பின், கல்லூரி நண்பர்களிடம் 45,000 டாலர் கடன் பெற்றுச் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நிறுவனத்தின் முதல் தொழில் நுகர்வோர் பொருட்களைப் பற்றியது அன்று. தொழிற்சாலை இயந்திரங்கள் வாங்கியவர்களிடம் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆய்ந்து, இயந்திரம் செய்தவர்களுக்கு அறிக்கை எழுதித் தருவதே அதன் பணி. 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தின்போது இயந்திரம் வாங்குவோரே அருகிவிட, அறிக்கை வாங்குவோரும் குறைந்தனர். நிறுவனம் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது.

கடைக் கணக்கெடுப்பு

நீல்சனை மீட்டது 1933-இல் அவர் தொடங்கிய மருந்துக்கடைக் குறியீடு ஆகும். அமெரிக்க மருந்துக்கடைகளில் மருந்துடன் சோப்பு, பற்பசை, அழகுப்பொருட்கள் முதலியனவும் விற்கப்பட்டன. அடுத்த ஆண்டே மளிகைக் கடைகளுக்கும் இம்முறை விரிவுபடுத்தப்பட்டது.

இதன் தேவையைப் புரிந்துகொள்ள அக்கால உற்பத்தியாளரின் நிலையை அறிய வேண்டும். தன் ஆலையிலிருந்து எத்தனை பெட்டிகள் வெளியேறின என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அவை மொத்த வணிகரின் கிடங்கில் தேங்கிக் கிடக்கின்றனவா, கடையில் விற்றுத் தீர்ந்தனவா என்பது தெரியாது. விற்பனை சரிந்த செய்தி, மொத்த வணிகர் அடுத்த கொள்முதலைக் குறைக்கும்போதுதான் வந்து சேரும். அதற்குள் மாதங்கள் கடந்திருக்கும்.

நீல்சன் கையாண்ட கணக்கு பள்ளி மாணவருக்கும் விளங்கக்கூடியது. தேர்ந்தெடுக்கப்பட்ட கடைக்கு அலுவலர் குறிப்பிட்ட இடைவெளியில் சென்று சரக்கு இருப்பை எண்ணுவார். இடைக்காலக் கொள்முதல் சீட்டுகளையும் பார்ப்பார். தொடக்க இருப்புடன் கொள்முதலைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் வருவது விற்பனை. எடுத்துக்காட்டாக, முதல் வருகையில் 40 சோப்புகள் இருந்தன, இடையில் 100 வாங்கப்பட்டன, அடுத்த வருகையில் 30 எஞ்சியுள்ளன எனில் விற்றவை 110. கடைக்காரரின் நினைவாற்றலோ வாடிக்கையாளரின் கூச்சமோ இக்கணக்கில் குறுக்கிடுவதில்லை.

இவ்வாறு மாதிரிக் கடைகளில் கிடைத்த எண்களைக் கடையின் அளவு, ஊரின் அளவு ஆகியவற்றுக்கு ஏற்பப் பெருக்கி நாடு முழுமைக்குமான மதிப்பீடு பெறப்பட்டது. போட்டியாளரின் பொருளும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. எனவே அதன் விற்பனையும் தெரிந்துவிடும். தன் விற்பனை குறைந்தது சந்தை முழுவதும் சுருங்கியதாலா, அடுத்தவர் பிடுங்கிக்கொண்டதாலா என்பதை ஓர் உற்பத்தியாளர் முதன்முறையாகப் பிரித்தறிய முடிந்தது. நீல்சன் விற்ற பொருள் உண்மையில் இந்த வேறுபாடே எனலாம்.

வானொலியும் தொலைக்காட்சியும்

1930களில் வானொலி நேயர்களை அளக்கத் தொலைபேசியே பயன்பட்டது. தொலைபேசி இல்லாத வீடுகள் இதனால் விடுபட்டன. கேட்டதை மறந்தவர்களும், உயர்வாகத் தோன்றும் நிகழ்ச்சியையே கேட்டதாகக் கூறியவர்களும் இருந்தனர். மாசாச்சுசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இராபர்ட் எல்டர், லூயிசு உட்ரப் ஆகியோர் உருவாக்கியிருந்த ஆடிமீட்டர் என்ற கருவியை நீல்சன் 1936-இல் வாங்கினார். வானொலிப் பெட்டியுடன் இணைக்கப்பட்ட இக்கருவி, பெட்டி எப்போது இயங்கியது, முள் எந்த அலைவரிசையில் நின்றது என்பதை நகரும் நாடாவில் பதிந்தது. பல ஆண்டுச் சோதனைக்குப் பின் 1942-இல் நீல்சன் வானொலிக் குறியீடு வெளிவந்தது. 1950-இல் தம் முதன்மைப் போட்டியாளரான சி. ஈ. ஊப்பரின் நாடளாவிய சேவையை வாங்கியதுடன், தொலைக்காட்சி அளவீட்டையும் தொடங்கினார்.

பெட்டி இயங்குகிறது என்பதால் எதிரில் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று பொருளாகாது. கருவியின் இக்குறை நெடுங்காலம் நீடித்தது. ஒரு சில வீடுகளின் எண்ணைக் கொண்டு நிகழ்ச்சிகளின் வாழ்வு முடிவாவது சரியா என்ற கேள்வியும் வலுத்தது. 1963-இல் அமெரிக்கக் கீழவையின் துணைக்குழு ஒன்று அளவீட்டு நிறுவனங்களை விசாரித்தது. இதன் தொடர்ச்சியாக, இந்நிறுவனங்களின் முறைகளைத் தணிக்கை செய்ய 1964-இல் ஒரு தனி அவை உருவானது.

இத்துறையின் எண்களைக் கையாள மனிதக் கணக்கர்கள் போதவில்லை. 1940களின் இறுதியிலேயே யுனிவாக் கணினிக்கு ஒப்பந்தம் செய்த மிகச்சில தனியார் நிறுவனங்களுள் நீல்சன் நிறுவனமும் ஒன்று. எக்கர்ட்–மாக்லி நிறுவனத்தை ரெமிங்டன் ராண்ட் 1950-இல் வாங்கிய பின்னர் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. கணினி வரலாற்று நூல்களில் யுனிவாக் என்றதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே பேசப்படுகிறது. சோப்பு விற்பனைக் கணக்கும் அதன் பிறப்புக்கதையில் இருப்பது பலர் அறியாதது.

பிற்காலம்

1957-இல் மகன் ஆர்தர் நீல்சன் (இளையவர்) நிறுவனத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். தந்தையும் மகனும் இணைந்து அமெரிக்கத் தந்தை–மகன் இரட்டையர் டென்னிசுப் பட்டத்தையும் வென்றவர்கள். விசுக்கான்சின் பல்கலைக்கழகத்தின் டென்னிசு அரங்கம் நீல்சன் பெயரைத் தாங்கியுள்ளது.

அவர் மறைந்த பின் 1984-இல் நிறுவனத்தை டன் அண்டு பிராட்சுட்ரீட் வாங்கியது. 1996-இல் கடைக் கணக்கும் தொலைக்காட்சிக் கணக்கும் தனித்தனி நிறுவனங்களாயின, வி.என்.யு. என்ற டச்சு நிறுவனம் இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கியது. 2021-இல் கடைக் கணக்குப் பிரிவு விற்கப்பட்டு நீல்சன்ஐ.க்யூ. என்ற பெயரில் மறுபடியும் பிரிந்தது.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் சந்தை ஆய்வு நிறுவனம் எனக் கருதப்படும் ஓ.ஆர்.ஜி.-யை 1960-இல் பரோடாவில் நிறுவியவர், விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் விக்ரம் சாராபாய் ஆவார். மருந்துத் தொழிலை நடத்திவந்த அவருடைய குடும்ப நிறுவனத்துக்கும், நீல்சனைப் போலவே, மருந்துக்கடை அலமாரியில் நடப்பதை அறியும் தேவை இருந்தது. பின்னர் மார்க் நிறுவனத்துடன் இணைந்து ஓ.ஆர்.ஜி.-மார்க் ஆன இது, வி.என்.யு. வழியாக நீல்சன் குடையின்கீழ் வந்தது.

அமெரிக்காவில் உருவான கணக்கு இந்தியச் சிறுநகரங்களில் எளிதில் பொருந்துவதில்லை. திருவண்ணாமலை–செஞ்சி சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஒரு பேரூராட்சியை எடுத்துக்கொள்ளலாம். பேரூராட்சி என்பதால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது நகர்ப்புறம். இங்குக் கடைக்கு வருவோரில் பலர் சுற்றுச் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். ஆகவே இத்தகைய ஊர்க் கடையில் விற்பதை நகர நுகர்வு என்பதா, கிராம நுகர்வு என்பதா என்ற சிக்கல் எழுகிறது. சிறிய மளிகைக் கடையில் கொள்முதலுக்கு முறையான ரசீது இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. மொத்தக்கடையின் துண்டுச் சீட்டே ஆவணம். சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணியாக வேண்டும். கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு வளர்ந்தது இத்தகைய கடைகளில்தான். மாதிரியில் சிறுகடைகளை விட்டுவிட்டால் அப்படிப்பட்ட பொருளின் உண்மையான பங்கு அறிக்கையில் தெரியாது.

தொலைக்காட்சி அளவீட்டில் சிக்கல் வேறுவகையானது. நீல்சனும் காண்டாரும் கூட்டாக நடத்திய டேம் நிறுவனம் இந்தியாவில் டி.ஆர்.பி. எனப்படும் எண்களை வெளியிட்டுவந்தது. 2001-இல் மும்பையில் கருவி பொருத்திய வீடுகளின் பட்டியல் வெளியே கசிந்தது. எந்த வீட்டில் கருவி உள்ளது என்று தெரிந்துவிட்டால், அவ்வீட்டாரை வசப்படுத்தி எண்ணை மாற்ற முடியும். 2015 முதல் ஒலிபரப்பாளர்களும் விளம்பரத் துறையினரும் சேர்ந்து அமைத்த பார்க் அமைப்பு இப்பணியைச் செய்கிறது. வீட்டாருக்குப் பணம் தந்து எண்கள் மாற்றப்பட்டதாக 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை வழக்குப் பதிந்ததையடுத்து, செய்தித் தொலைக்காட்சிகளுக்கான வாராந்திர எண்களைப் பார்க் நிறுத்திவைத்தது. அவை 2022 மார்ச்சில் மீண்டும் வெளிவரத் தொடங்கின.